களத்துமேட்டுப் பங்கும் சமூகப்பணிப் படிப்பும்

ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் கார்த் தொழிற்சாலைகளால் பெயர் பெறுவதற்கு முன் ஏரிகளால் வாழ்ந்த ஊர்கள். ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைத் தேக்கி வைத்தால்தான் தை வரை பயிர் நிற்கும். ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிரம்பினால் கலங்கல் வழியே வழியும் நீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். மேலூர்க்காரர் வரத்துக்காலை அடைத்தால் கீழூரில் அடுப்பெரியாது. சிற்றேரிக்கு இப்பக்கம் தாங்கல் என்று பெயர். மதகு திறக்கும் நாளையும் எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்பதையும், நீர் பங்கிடும் ஊர்ப்பணியாளரான நீர்க்கட்டி மனத்தில் வைத்திருந்தார்.

அந்த அறிவுக்கு ஊர் கூலி கொடுத்த விதம் எழுத்தில் பதிவாகியிருக்கிறது. 1763-இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற செங்கல்பட்டு ஜாகீரில், 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் சுமார் 2,000 ஊர்களின் கணக்கைத் திரட்டினார். இருபதாம் நூற்றாண்டில் வரலாற்று ஆய்வாளர் தரம்பால் இக்கணக்குகளை ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். களத்தில் நெல்லை அளக்கும்போதே, அரசின் வாரமும் உழவரின் வாரமும் பிரிவதற்கு முன், பல பங்குகள் ஒதுக்கப்பட்டன. ஏரிக்கு ஒரு பங்கு, கோயிலுக்கு ஒரு பங்கு. கணக்குப்பிள்ளை, தலையாரி, தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், வெட்டியான் ஆகியோருக்குத் தனித்தனிப் பங்குகள். சிலருக்கு மானிய நிலமும் இருந்தது. இந்தப் பங்குகளுக்கு மேரை என்றும் சுதந்திரம் என்றும் பெயர். வழக்கப்படி வாங்கியவர் உரிமையாகப் பெற்றது. கேட்டுப் பெறும் உதவி அல்ல. சமூகப்பணியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்து தொடங்குவதில்லை.

பழைய ஜாகீரின் தென்பகுதியிலுள்ள வேடந்தாங்கல் இன்னொரு சான்று. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்று அறிந்த ஊரார் பறவைகளைச் சுட விடவில்லை. 1798-இல் கலெக்டர் லயோனல் பிளேஸ் அவர்களுடைய உரிமையை ஏற்று ஆணை எழுதிக் கொடுத்தார். பறவைகளைக் காக்க வேண்டும் என்று அந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கம்பெனி ஆட்சி நிலைத்தபோது வரியே முதல் கணக்காயிற்று. ஏரிக்கும் ஊர்ப்பணிக்கும் ஒதுங்கிய பங்கு மெல்லத் தேய்ந்தது. பராமரிப்பு பொதுப்பணித் துறையின் பொறுப்புக்குப் போனது. 1858-இன் கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடையும் ஆபத்தில் ஊராரை வேலைக்கு இழுக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. குடிமராமத்து என்று ஊர் தானாகச் செய்துவந்த வேலை, செய்யத் தவறினால் தண்டனை என்ற நிலைக்கு வந்தது. பங்கு போய்ப் பளு மட்டும் ஊரிடம் மிஞ்சியது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, பழைய ஊரைப் பொற்காலமாக வரைந்தால் அது பொய். உத்திரமேரூரின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்குக் குடவோலை முறையில் ஆள் தேர்ந்ததைச் சொல்கின்றன. நிலம் உள்ளவரே தகுதி பெற்றார் என்பதையும் அதே கல் சொல்கிறது. வெட்டியானுக்குக் களத்தில் பங்கு இருந்தது, சபையில் இடம் இல்லை. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர், இம்மாவட்டத்துப் பறையர்கள் நிலமின்றிப் பண்ணையடிமைகளாய் வாழ்ந்த நிலையை அறிக்கையாக எழுதினார். அதைத் தொடர்ந்து 1892-இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. மண்ணின் அறிவைப் பாடமாக்க விரும்புபவர் இந்த அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

சமூகப்பணி தனிப் படிப்பாக இந்தியாவுக்கு வந்தது 1936-இல். அமெரிக்க மிஷனரி கிளிஃபோர்டு மான்ஷார்ட் பம்பாயில் தொடங்கிய டாட்டா பள்ளிதான் முதல் நிலையம். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் 1952-இல் உருவானது. பாடத்தின் முதுகெலும்பு அமெரிக்காவிலிருந்து வந்தது: தனிநபர் பணி, குழுப் பணி, சமூக அமைப்பாக்கம். தனி ஆளின் பிரச்சினையைக் கண்டறிந்து தீர்க்கும் அந்தப் பார்வையில் மதகும் மேரையும் சாதித் தெருவும் எளிதில் மறைந்துவிடும். இதே காலத்தில், 1947-இல், டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தில் கிராமத்தையே பள்ளியாக்கினர். சென்னைப் பாடத்திட்டம் அந்தப் பக்கம் இன்னும் அதிகமாகத் திரும்பியிருக்கலாம்.

1948-இன் தொழிற்சாலைச் சட்டம் 49-ஆம் பிரிவில், 500 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஆலைகளில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. இதனால் இப்படிப்பை முடித்தவர்களில் பலருக்கு ஆலை வாசலே வேலையிடமாயிற்று. அந்த வாசல் 1990-களில் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அடிக்கல் நாட்டியது; 1998-இல் சான்ட்ரோ வெளிவந்தது. 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் உற்பத்தி ஆரம்பமானது. 2024-இல் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. ஊர்ப்பெயர்களில் மட்டும் பாக்கமும் தாங்கலும் நிலைத்திருக்கின்றன.

சர்வதேச சமூகப்பணியாளர் கூட்டமைப்பு 2014-இல் மெல்போர்னில் ஏற்ற வரையறை, இத்துறையின் அடிப்படைகளில் ஒன்றாக மண்ணின் மக்களுடைய அறிவையும் சேர்த்தது. செங்கல்பட்டுப் பக்கம் அதற்கு முன்பே ஒரு நல்ல சான்று உண்டு. 1972-இன் வனவிலங்குச் சட்டமும் அதன்பின் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும், பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர் பழங்குடியினரின் பிழைப்பைப் பறித்தன. 1978-இல், பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு, வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. புற்றையும் தடத்தையும் பார்த்தே எந்தப் பாம்பு என்று சொல்லும் அவர்களின் திறமை, விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருள் தரும் தொழிலாயிற்று. பிடித்த பாம்பைச் சில வாரம் பானையில் வைத்து, சில முறை விஷம் எடுத்து, காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். விடுமுன் வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டுவார்கள். அடுத்த முறை அந்தப் பாம்பு கையில் சிக்கினால், அடையாளத்தைப் பார்த்து விஷம் எடுக்காமல் விட்டுவிடலாம்.