காண்டாமிருகக் காப்பு: பொருளும் உணர்வும்

ஓர் உயிரினத்தைக் காத்தற்குச் சட்டம் வேண்டும்; காவலர் வேண்டும்; அவ்விரண்டையும் நிலைநிறுத்தப் பொருள் வேண்டும். ஆயினும், இவை யாவும் ஓரளவு இருந்தவிடத்தும் அழிவு நில்லாது தொடர்ந்தமையை வரலாறு காட்டுகின்றது. கிழக்காபிரிக்காவிலுள்ள கென்யா நாட்டிலே கருங்காண்டாமிருகம் அழிவின் விளிம்பை எய்தி மீண்ட வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அவ்வரலாற்றிலே பொருள் திரட்டியோர் பலர். பொருளோடு மக்கள் உணர்வையும் ஒருங்கே திரட்டியோர் சிலர். அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் மைக்கேல் வெரிக்கே என்னும் கென்ய நாட்டவர்.

காண்டாமிருகத்தின் கொம்பு எலும்பன்று. மனிதனுடைய நகமும் மயிரும் எப்பொருளால் ஆயினவோ அப்பொருளாலேயே அதுவும் ஆயது. ஊறு நேராவண்ணம் அறுப்பின் மீண்டும் வளரும் இயல்பினது. ஆயினும், களவு வேட்டைக்காரர் விலங்கைக் கொன்றே கொம்பைக் கவர்கின்றனர். கிழக்காசிய நாடுகளின் மரபு மருத்துவத்திலே காய்ச்சலைத் தணிக்கும் மருந்தென அக்கொம்பு நெடுங்காலம் மதிக்கப்பட்டது. யெமன் நாட்டிலே ஆடவர் இடையிற் செருகும் ஜம்பியா என்னும் வளைந்த குத்துவாளுக்கு அது பிடியாகவும் அமைந்தது. 1970ஆம் ஆண்டினை அடுத்து அராபிய நாடுகளில் எண்ணெய்ச் செல்வம் பெருகவே, ஆங்குச் சென்று உழைத்த யெமன் நாட்டவர் கையிலும் பணம் புழங்கலாயிற்று. முன்னர்ச் செல்வர்க்கே உரியதாயிருந்த கொம்புப்பிடி வாளைப் பலரும் விரும்பினர். கொம்பின் விலை ஏறியது. ஆபிரிக்கப் புதர்க்காடுகளிலே துப்பாக்கி ஓசையும் மிகுந்தது.

காண்டாமிருகத்தின் பேரால் உலகோரிடம் பொருள் வேண்டும் முயற்சி அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. உயிரியல் அறிஞர் யூலியன் ஹக்ஸ்லி 1960ஆம் ஆண்டிலே கிழக்காபிரிக்காவிற் சுற்றி, ஆங்குள்ள விலங்குகளின் அழிவைக் குறித்து இலண்டன் பத்திரிகையொன்றில் எழுதிய கட்டுரைகள் கற்றோர் கருத்தை ஈர்த்தன. அதன் பயனாக 1961ஆம் ஆண்டிலே உலக வனவிலங்கு நிதியம் நிறுவப்பெற்றது. அவ்வாண்டு ஒக்டோபர் 9ஆந் திகதி வெளியான 'டெயிலி மிறர்' பத்திரிகை, காண்டாமிருகத் தாயொன்றும் அதன் கன்றும் நிற்கும் படத்தை முதற் பக்கத்திலே பெரிதாக இட்டு, அவ்வினம் அழியப்போகின்றதென அறிவித்தது. அதனைக் கண்ட வாசகர்கள் தத்தம் இயல்புக்கேற்பப் பணம் அனுப்ப, 60,000 பவுணுக்கு மேல் திரண்டது. காட்டு விலங்கைக் கண்ணாற் காணாத எளிய மக்களும் அதன்பொருட்டு ஈவர் என்னும் உண்மை அன்று புலனாயிற்று.

எனினும், ஈந்த கை ஓரிடத்தது. அழிவு நிகழ்ந்த நிலம் பிறிதோரிடத்தது. 1970ஆம் ஆண்டளவில் ஆபிரிக்கா முழுவதிலும் ஏறக்குறைய 65,000 கருங்காண்டாமிருகங்கள் இருந்தன. கென்யாவில் மட்டும் அவை 20,000 அளவின என மதிப்பிடப்பட்டன. 1977ஆம் ஆண்டிலே கென்ய அரசு வேட்டையை முற்றாகத் தடைசெய்தது. அதே ஆண்டளவில், அழியும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் கடுந்தடைப் பட்டியலில் காண்டாமிருக இனங்கள் யாவும் சேர்க்கப்பட்டன. சட்டம் ஏட்டில் நின்றது. கொலையோ காட்டில் தொடர்ந்தது. 1980ஆம் ஆண்டினை அடுத்த பத்தாண்டின் இறுதியிலே கென்யாவில் எஞ்சியவை 400க்கும் குறைந்தன. நூறு விலங்குகள் நின்ற இடத்தில் இரண்டே நின்றன என்பது இதன் பொருளாகும்.

இந்நிலையிலேயே வெரிக்கேயின் பணி தொடங்கிற்று. 1956ஆம் ஆண்டிற் பிறந்த அவர், இளமையில் மொம்பாசா நகரிலே வனவிலங்குத் திணைக்களத்தின் பண்டகசாலையிற் பணியாற்றினார். யானைத் தந்தங்களையும் காண்டாமிருகக் கொம்புகளையும் வகைப்படுத்தி வைத்தல் அவர் தொழில். குவிந்து கிடந்த ஒவ்வொரு கொம்பும் ஓர் உயிரின் இழப்பென அவர் உள்ளம் உணர்ந்தது. அத்தொழிலை விடுத்து, மோட்டார் வண்டி பொருத்தும் தொழிற்சாலையொன்றிலே காவற் பணியிற் சேர்ந்தார். பெருஞ்செல்வமோ பதவியோ அவர்க்கில்லை. இருந்தவை இரு கால்களே.

1982ஆம் ஆண்டிலே தமது விடுமுறையைப் பயன்படுத்தி, மொம்பாசாவிலிருந்து தலைநகர் நைரோபி வரை ஏறக்குறைய 480 கிலோமீற்றர் தூரத்தை நடந்தே கடந்தார். வழிநெடுக ஊர்மக்களோடும் மாணவரோடும் உரையாடினார். தாம் வளர்த்த பாம்பொன்றையும் உடன்கொண்டு செல்லுதல் அவர் வழக்கம். அதனைக் காணக் கூடியோர் அவர் சொல்லையும் கேட்டனர். அக்காலத்திலே வனவிலங்குப் பூங்காக்களுக்குச் சென்றோருட் பெரும்பாலார் வெளிநாட்டுப் பயணிகளே. விலங்குக் காப்பு அன்னியர்க்குரிய பொழுதுபோக்கு என்று எண்ணியிருந்த மக்களுக்கு, அவர்களுள் ஒருவரே புழுதிபடிந்த கால்களோடு வந்து, 'இது நம் உடைமை' என உணர்த்தியமை புதிதாயிருந்தது. 1985ஆம் ஆண்டிலே கிழக்காபிரிக்க நாடுகளூடாகவும், 1988ஆம் ஆண்டிலே இத்தாலியிலிருந்து இலண்டன் வரை ஐரோப்பாவினூடாகவும், 1991ஆம் ஆண்டிலே வட அமெரிக்காவிலும் அவர் நடந்தார். இந்நடைகளால் ஏறக்குறைய பத்து இலட்சம் டொலர் திரண்டது. 1990ஆம் ஆண்டிலே முதன்முறையாக வழங்கப்பட்ட கோல்ட்மன் சுற்றாடற் பரிசினைப் பெற்றோருள் அவரும் ஒருவர். 1999ஆம் ஆண்டிலே மொம்பாசாவிற் கொடியோர் தாக்கியமையால் அவர் இளவயதிலேயே உயிர்துறந்தார்.

இவ்வாறு திரண்ட பொருளும் உணர்வும் வேலியாகவும் காவலாகவும் உருப்பெற்றன. 1983ஆம் ஆண்டிலே அன்னா மேர்ஸ் என்னும் அம்மையார் தம் பொருளைச் செலவிட்டு, கிறெய்க் குடும்பத்தினர் லேவாப் பண்ணையில் ஒதுக்கிய நிலத்திலே காண்டாமிருகச் சரணாலயம் ஒன்றை அமைத்தார். 1987ஆம் ஆண்டிலே நக்குரு ஏரியைச் சூழ்ந்த பூங்காவும் வேலியிடப்பட்ட சரணாலயமாயிற்று. அபடேர் மலைக்காட்டினைச் சுற்றி மின்வேலி அமைத்தற்கென 1988ஆம் ஆண்டிலே காண்டாமிருகப் பேழை என்னும் அறநிதியம் தோன்றியது. பாதையற்ற நிலத்திலே மோட்டார் வண்டி செலுத்தும் ஆண்டுப் போட்டியொன்றை நடத்தி, அதிற் பங்குபற்றுவோர் திரட்டிய பணத்தைக் கொண்டு அந்நிதியம் வேலியைச் சிறிது சிறிதாக நீட்டியது. ஏறக்குறைய 400 கிலோமீற்றர் நீளமான அவ்வேலி 2009ஆம் ஆண்டிலே நிறைவெய்தியது. அஃது உள்ளே விலங்கைக் காத்தது. வெளியே குடியானவரின் பயிரை யானை முதலியவற்றினின்றும் காத்தது. அதனாலேயே அயலிலுள்ள மக்கள் அதனைத் தமதெனக் கொண்டனர் என்பது கருதற்பாலது.

2021ஆம் ஆண்டிலே கென்யாவில் நடைபெற்ற வனவிலங்குக் கணக்கெடுப்பு 897 கருங்காண்டாமிருகங்கள் உளவெனக் காட்டியது. இழந்ததை நோக்க இது சிறுதொகையே. எஞ்சியதை நோக்க இருமடங்குக்கு மேற்பட்டது. ஆயின், காலந்தாழ்த்திய காப்பு எத்தகையதென்பதற்கும் அந்நாட்டிலேயே சான்றுண்டு. வடபால் வெண்காண்டாமிருக இனத்தின் இறுதி ஆண் விலங்கான 'சூடான்' 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே ஒல் பெஜெற்றாவில் இறந்தது. அதன்பின் எஞ்சியவை இரு பெண் விலங்குகளே. எத்துணைப் பொருள் குவிப்பினும் அவ்விழப்பை முற்ற ஈடுசெய்தல் அரிது.

பொருள் வேலியை எழுப்பும். ஆனால், அவ்வேலியை அறுக்க வரும் கையைத் தடுப்பது அதன் அயலில் வாழ்வோரின் உணர்வேயாகும். 1961இல் அயல்நாட்டு வாசகர் அனுப்பிய பணம் பெரிது. பண்டகசாலையிலே கொம்புகளை எண்ணிய இளைஞர் ஒருவர் தம் நாட்டு நெடுஞ்சாலையில் எடுத்துவைத்த அடி அதனினும் பெரிது.