யானைத்துறையும் யானைத் துவக்கும்

ஊர்காவற்றுறையைப் போர்த்துக்கேயர் யானைகளின் துறை என்றுதான் குறித்து வைத்தார்கள். அவர்கள் மொழியில் 'கைஸ் தொஸ் எலிஃபாந்தெஸ்'. அந்தப் பெயரின் முதல் துண்டு மட்டும் தேய்ந்து நின்று, இன்றைக்குக் கயிற்ஸ் என்று வழங்குகிறது. ஆனால் வேலணைத் தீவில் யானை என்றைக்கும் மேய்ந்ததில்லை. பனையும் உப்புக்காற்றும் கிணற்று நீரும் உள்ள மண் அது. யானைகள் வன்னிக் காட்டில் பிடிபட்டு, ஆனையிறவில் ஆழமில்லாத களப்பைக் கடந்து குடாநாட்டுக்குள் வந்தன. தெற்கே மாத்தறைப் பக்கம் பிடிபட்டவற்றையும் ஒல்லாந்தர் தரைவழியாக வடக்கே நடத்திக்கொண்டு வந்தார்கள்.

இந்த வியாபாரம் போர்த்துக்கேயருக்கு வெகுகாலம் முந்தியது. இலங்கை யானைகள் பெருநிலத்து யானைகளைவிடப் பெரியவை என்றும், அவற்றை ஏற்றுவதற்கென்றே கட்டிய மரக்கலங்களில் கலிங்க மன்னனுக்கு விற்றார்கள் என்றும் ரோமானிய எழுத்தாளர் ஈலியன் குறிப்பிட்டிருக்கிறார். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள கல்வெட்டு இன்னும் நெருக்கமான சாட்சி. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு 12ஆம் நூற்றாண்டில் தமிழில் வெட்டுவித்த ஆணை அது. பரதேசத்து வணிகர் ஊராத்துறைக்கு வரவேண்டும், அவர்களுக்குக் காவல் உண்டு என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் கால்பங்கு அரசுக்கு, முக்கால்பங்கு உடையவனுக்கு. வெறும் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. யானைக் கப்பலை வரவழைக்க அரசன் தன் பங்கில் பாதியை விட்டுக்கொடுத்திருக்கிறான். ஊராத்துறை இன்றைய ஊர்காவற்றுறை. கலாநிதி கா. இந்திரபாலா 1963இல் இந்தச் சாசனத்தை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார்.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். 1658இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலில் நிற்கும் கோட்டையையும் அதே ஆண்டில் பிடித்து, அதற்கு ஹாமன்ஹீல் என்று பெயரிட்டார்கள். வன்னிக் குறுநிலத் தலைவர்களான வன்னியர்கள் திறையாக யானை கொடுக்கவேண்டும் என்பது ஒல்லாந்தர் ஆட்சியின் விதி. திறை குறைந்தால் ஒல்லாந்தக் கொம்பனி அதிகாரிகள் வன்னியரோடு மல்லுக்கு நின்றார்கள். யாழ்ப்பாணத்தில் ஏலம் கூடும். கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வணிகர் வருவார்கள். யானையின் உயரத்தை அளந்து விலை பேசுவார்கள்.

யானை பிடித்தவர்களில் பேர்பெற்றவர்கள் பணிக்கர்கள், வடக்கிலும் வடமேற்கிலும் வாழ்ந்த முஸ்லிம்கள். இவர்களிடம் துவக்கு இல்லை. மான் தோலிலோ எருமைத் தோலிலோ முறுக்கிய கயிறுதான் ஆயுதம். யானை அசையும் தருணம் பார்த்துப் பின்னால் ஊர்ந்து போய், பின்னங்காலில் சுருக்கைப் போட்டு, மறுமுனையைப் பக்கத்து மரத்தில் சுற்றிவிடுவார்கள். இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு யானையை மடக்கிவிடுவார்கள். பழக்கிய யானையைக் கப்பலேற்றுவதும் பெரிய வேலை. 18ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தரிடம் பணியாற்றிய வோல்ஃப் என்ற ஜெர்மானியர் அதை எழுதி வைத்திருக்கிறார். நெஞ்சையும் வயிற்றையும் சுற்றி இரட்டைப் பாய்த்துணி கட்டி, இரண்டு பழகிய யானைகளுக்கு நடுவே கடலில் இறக்கி, கப்பலருகே கொண்டுபோய், கப்பியில் கயிறு போட்டுத் தூக்குவார்களாம்.

இது யானைக்குச் சுகமான வாழ்வு என்று யாரும் சொல்லமுடியாது. கயிற்றில் கால் அறுந்தும், பட்டியில் பட்டினி கிடந்தும், கப்பலிலும் செத்தவை உண்டு. ஆனாலும் யானை உயிரோடு இருந்தால்தான் காசு. அந்த ஒரு கணக்கு பல நூற்றாண்டுகள் காட்டைக் காத்தது.

பிரித்தானியர் காலத்தில் கணக்கு மாறியது. பீரங்கிக்கு முன்னால் போர்யானை நிற்காது என்பது இந்தியாவில் தெளிவான பிறகு வாங்குவோர் குறைந்தார்கள். மலைநாட்டில் காடு வெட்டிக் கோப்பி நட்டார்கள். யானை பயிரை மிதிக்கும் தொல்லையானது. அதைக் கொல்வதற்கு அரசாங்கம் தலைக்குச் சில சிலிங் பரிசு அறிவித்தது. குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ற் தரும் கணக்கைப் படிக்கும்போது நெஞ்சு பதறுகிறது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848க்கு முந்திய மூன்று ஆண்டுக்கும் குறைந்த காலத்தில், 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன. 1851 முதல் 1856 வரை தென் மாகாணத்தில் 2,000. வடக்கில் அவை செத்தது பணிக்கர் கயிற்றோடு திரிந்த அதே காடுகளில்தான்.

பரிசுக்காகச் சுட்டவர்கள் ஒருபுறம், பொழுதுபோக்குக்காகச் சுட்ட வெள்ளை அதிகாரிகள் மறுபுறம். மேஜர் தோமஸ் றொஜர்ஸ் ஒருவரே 1,400 யானைகளைச் சுட்டார் என்பது பதிவு. அவர் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். தெரு போட்ட மேஜர் ஸ்கின்னர் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் குடியேறி, தன் வேட்டையைப் புத்தகங்களாகவே எழுதினார்.

பேக்கரின் துவக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பிரிஸ்டலில் கிப்ஸ் என்ற பட்டறையில் 1840இல் சொல்லிச் செய்வித்தது. எடை 21 இறாத்தல், குழல் 36 அங்குலம். ஒரு வெடிக்கு 16 டிராம் கரிமருந்து, அதாவது ஏறக்குறைய 28 கிராம். நாலு அவுன்ஸ் ஈயக்குண்டு. அந்நாளில் துவக்கின் அளவை ஈயக் கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு இறாத்தல் ஈயத்தை எத்தனை உருண்டையாக வார்த்தால் குழலுக்குப் பொருந்துமோ, அதுவே துவக்கின் எண். நாலு உருண்டையானால் நாலாம் எண். எட்டானால் எட்டாம் எண். எண் சிறுக்கச் சிறுக்கக் குழல் பருக்கும். வாய்வழியே மருந்தைக் கொட்டி, துணி சுற்றிய குண்டை வைத்து, கோலால் இடித்து இறுக்கிய பிறகுதான் சுடலாம். வெடித்தால் சுட்டவன் தோள் கன்றிப்போகும், புகை மறைத்து எதிரே நிற்பது தெரியாது.

பிறகு பின்புறம் திறந்து பித்தளைத் தோட்டா போடும் துவக்குகள் வந்தன. கரிமருந்தின் இடத்தைக் கோர்டைட் என்ற புகையற்ற மருந்து பிடித்தது. 1898இல் லண்டன் றிக்பி நிறுவனம் .450 அளவில் புகையற்ற யானைத் தோட்டாவைக் கொண்டுவந்தது. 1907இல் இந்தியாவில் அந்த அளவைத் தடைசெய்தார்கள். படைத்துவக்கான மார்ட்டினி ஹென்றியின் குழலும் அதே அளவு. தோட்டாக்கள் கிளர்ச்சிக்காரர் கைக்குப் போய்விடும் என்ற பயம். அந்தத் தடையால் .465, .470 என்று புதுப்புது அளவுகள் பிறந்தன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கைனொக் நிறுவனம் இந்தப் பெருந்தோட்டாக்களைச் செய்வதை நிறுத்தியபோது, நல்ல துவக்குகள் தீனியில்லாமல் பேழைக்குள் முடங்கின. அவற்றை வைத்திருந்தவர்களில் பலர் வேறு அளவுப் பித்தளையை வெட்டி உருமாற்றி, தாங்களே ஈயம் வார்த்து, மருந்தை நிறுத்துப் போட்டுச் சுட்டார்கள். பிரித்தானியாவில் வழக்கொழிந்த தோட்டா அளவுகளுக்கென்று உள்துறை அமைச்சின் பட்டியலே இருக்கிறது. அந்த அளவுள்ள பழந்துவக்கைக் காட்சிப் பொருளாக வைத்திருக்க உரிமம் வேண்டாம்.

வன்னிக்கு அந்தப் பட்டியல் பொருந்தாது. பேக்கர் இடித்து ஏற்றிய அதே முறைத் துவக்கு இங்கே வழக்கொழியவில்லை. அதற்கு இடியன் என்று பெயர். குழலுக்குள் மருந்து, அதன்மேல் தும்பு, பிறகு ஈயத்துண்டு. கோலால் இடித்தால் ஆயத்தம். கொல்லன் பட்டறையில் செய்யக்கூடியது, தோட்டாக் கடை தேவையில்லை. வயலுக்குப் பன்றி இறங்கும் ஊர்களில் அதை வைத்திருந்த கமக்காரரின் நெருக்கடியைப் புரிந்துகொள்ளலாம். ஒரு இரவில் பன்றி ஒரு போகத்தையே உழுதுவிடும். ஆனால் அதன் இன்னொரு வடிவமான கட்டுத்துவக்கை மன்னிக்க முடியாது. மிருகம் நடக்கும் தடத்தில் கம்பி இழுத்து, அது தட்டினால் வெடிக்கும்படி கட்டி வைத்துவிட்டு ஆள் வீட்டுக்குப் போய்விடுவான். பன்றிக்கு வைத்தது யானையின் காலில் பாயும். விறகு பொறுக்கப் போன மனிதனையும் வீழ்த்தும். கால் புழுத்து நொண்டித் திரியும் யானைகளுக்கு மருந்து போடுவது வனசீவராசிகள் திணைக்கள மருத்துவர்களின் வழக்கமான வேலையாகவே ஆகிவிட்டது.

சட்டம் இல்லாமல் இல்லை. துவக்குக்கு 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காட்டுயிருக்கு 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். சட்டத்தைவிட முந்தி வரவேண்டியது, பயிரை இழந்த கமக்காரனுக்குத் தாமதமில்லாத நட்டஈடும் ஒழுங்கான வேலியும். அவை வரும்வரை கட்டுத்துவக்கு ஒழியாது. 2011இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கில் இலங்கையில் எஞ்சியிருந்த காட்டுயானைகள் 5,879. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் 1840களில் மூன்று ஆண்டுக்குள் சுட்டவை அதில் பாதிக்கும் மேல்.