பன்னிரண்டு காசு யாருக்கு? நாசிக் பத்தாம் குகைக் கல்வெட்டும் பௌத்தரின் கார்காலத் தங்கலும்

பௌத்த விகாரை எப்படித் தோன்றியது என்ற கேள்விக்குப் பாடநூல்கள் இன்றும் தரும் விடை, பெரும்பாலும் சுகுமார் தத் வகுத்துக் கொடுத்தது. தொடக்க காலப் பௌத்தத் துறவறம் பற்றி 1924இல் அவர் எழுதிய நூலில் அது முளைவிட்டது. இந்தியப் பௌத்தத் துறவிகளையும் மடங்களையும் பற்றி 1962இல் வெளியிட்ட பெரிய நூலில் கிளைத்தது. அவர் காட்டும் வரிசை தெளிவானது. முதலில் ஓரிடத்தில் நிற்காமல் திரிந்த பிக்குகள். பிறகு மழைக்காக மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கல். அந்தத் தங்கலுக்காகப் போட்ட குடிசைகள் மெல்ல நிலைத்து ‘ஆவாசம்’ ஆகின்றன. ஆவாசத்துக்கு எல்லை வகுக்கப்படுகிறது. எல்லைக்குள் தனித்தனிச் சங்கங்கள் உருவாகின்றன. கடைசியில் குகையும் செங்கல் கட்டடமும்.

இந்த வரிசையில் முதல் பாதியோடு இக்கட்டுரைக்குப் பிணக்கு இல்லை. பிணக்கெல்லாம் அதற்குப் பின் நடப்பதில்தான். ஆண்டு முழுதும் கூரைக்கு அடியில் வாழத் தொடங்கிவிட்ட துறவிக்கு, ‘மழைக்காலத்தில் தங்கு’ என்ற விதியால் என்ன வேலை? தத்தின் கதையில் கார்காலத் தங்கல் விகாரையைப் பெற்றெடுத்ததோடு ஒதுங்கிக்கொள்கிறது. அதன் பிந்திய வாழ்வு அவர் நூல்களில் சடங்கின் எச்சமாக மட்டுமே தென்படுகிறது. கிரெகரி ஷோபென் போன்றவர்கள் விநய (துறவற ஒழுக்க விதி) நூல்களையே நம்பி வரலாறு எழுதுவதைக் கடுமையாகக் கேள்வி கேட்ட பிறகும், தத்தின் இந்த ஒரு படிக்கட்டை யாரும் பெரிதாக அசைத்துப் பார்க்கவில்லை. நாசிக்கில் உள்ள ஒரு கல்வெட்டு அதை அசைக்கிறது.

விநயம் சொல்வதைச் சுருக்கமாக நினைவூட்டினால் போதும். மகாவக்கத்தின் இரண்டாம் பகுதி உபோசதக் கூட்டத்தைப் பற்றியது. பிற சமயத் துறவிகள் எட்டாம் நாளும் பதினான்கு, பதினைந்தாம் நாள்களும் கூடிப் பேசுகிறார்கள், நாமும் கூடலாமே என்று பிம்பிசாரன் சொல்ல, பிக்குகள் கூடினார்கள். கூடிய பின் வாயே திறக்கவில்லை. தர்மம் கேட்க வந்த ஊரார், ஊமைப் பன்றிகளைப் போல உட்கார்ந்திருக்கிறார்களே என்று முணுமுணுத்தார்களாம். மூன்றாம் பகுதி கார்காலத் தங்கல். அங்கும் தொடக்கம் ஊராரின் புகார்தான்: பறவைகூட மரத்தில் கூடு கட்டி மழைக்கு ஒடுங்குகிறது, இவர்கள் பச்சைப் புல்லையும் சிற்றுயிர்களையும் மிதித்துத் திரிகிறார்கள். ஆசாட முழுநிலவுக்கு மறுநாளோ, ஒரு மாதம் கழித்தோ புகுந்து மூன்று மாதம் இருக்க வேண்டும். மரப்பொந்திலும் சாடிக்குள்ளும் குடைக்கு அடியிலும் தங்கக் கூடாது. இல்லறத்தார் சொல்லியனுப்பினால் வெளியே போகலாம். ஏழு நாளுக்குள் திரும்பிவிட வேண்டும். கடைசி விதியைக் கவனிக்க வேண்டும். இந்தத் தங்கல் கதவடைத்துக்கொண்ட தனிமையாக ஒருபோதும் எண்ணப்படவில்லை.

இனி, நாசிக். நகருக்குத் தெற்கே உள்ள திரிரஷ்மி மலையை இன்று பாண்டவ்லேணி என்கிறார்கள். பாண்டவர்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அங்குள்ள பத்தாம் குகையைக் குடைவித்தவன், சகரின் சகராத மரபில் வந்த நகபானனின் மருமகன் உஷவதாதன். அவனுடைய கல்வெட்டுகள் தாழ்வாரச் சுவர்களில் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று 42ஆம் ஆண்டு வைசாக மாதத்தில் செய்த கொடையைப் பதிவு செய்கிறது. குகையை நான்கு திசைச் சங்கத்துக்கு அளித்ததோடு, 3000 காகாபணங்களை முதல் அழியாத வைப்பாகவும் வைத்தான். 2000 ஒரு நெசவாளர் குழுவிடம், நூற்றுக்கு மாதம் ஒன்று வட்டிக்கு. 1000 மற்றொரு நெசவாளர் குழுவிடம், முக்காலுக்கு. நம் ஊர்க் கடைத்தெருவில் ‘ஒரு வட்டி, முக்கால் வட்டி’ என்று இன்றும் பேசுகிற அதே மாதக் கணக்கு. முதலைத் திருப்பித் தர வேண்டியதில்லை, வட்டியை மட்டும் எடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. சோழர் கால நந்தா விளக்குக்கு ‘சாவா மூவாப் பேராடு’ விட்டவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே புரிந்திருக்கும்.

வட்டி எதற்கு? கல்வெட்டு சொல்கிறது: ‘என் குகையில் வஸவுதர்களான இருபது பிக்குகளுக்கு, ஆளுக்குப் பன்னிரண்டு, சீவரப் பணம் (துறவாடைக்கான பணம்).’ கணக்குப் போட்டால் துல்லியமாக வருகிறது. 2000க்கு மாதம் 20, ஆண்டுக்கு 240. இருபது பேருக்குப் பன்னிரண்டு வீதம் 240. ஒரு காசு மிஞ்சவில்லை, குறையவுமில்லை.

இதே உஷவதாதன் இதே குகையில் வெட்டுவித்த மற்றொரு கல்வெட்டை அருகில் வைத்துப் படித்தால்தான் இந்த இருபதின் அழுத்தம் தெரியும். அதில் அஸ்விபூதி என்ற பிராமணரிடம் 4000 காகாபணத்துக்கு ஒரு வயலை வாங்கிக் கொடுக்கிறான். அந்த வயலின் விளைச்சல், அவன் குகையில் வசிக்கும் நான்கு திசைப் பிக்குகள் எல்லாருக்கும் உணவு. எண்ணிக்கை இல்லை, பருவ வரம்பும் இல்லை. ஆக, ஒரே கொடையாளி, ஒரே குகை, இரண்டு வேறு கணக்கு: சோறு குகையில் இருப்பவர் எல்லாருக்கும்; சீவரப் பணம் ‘வஸவுதர்’ இருபது பேருக்கு மட்டும். குகை நிலையான குடியிருப்பாகிவிட்ட பிறகும், அதன் மேல் தனி நிதியோடு கார்காலத் தங்கல் நிற்கிறது. தத்தின் படிக்கட்டில் இந்தக் காட்சிக்கு இடமே இல்லை.

‘வஸவுத’ என்ற சொல்லில் சற்று நின்றாக வேண்டும். கல்வெட்டுப் பிராகிருதத்தில் இரட்டை மெய்யை இரட்டித்து எழுதும் வழக்கம் இல்லை. எனவே பாலியின் ‘வஸ்ஸம் வுத்த’ இங்கே ‘வஸவுத’ ஆகியிருக்கிறது. எமில் செனார் கார்காலத் தங்கலை நோற்பவர் என்று மொழிபெயர்த்தார். ஆனால் ‘வுத்த’ முற்றுப்பெற்ற வினையைக் காட்டும் வடிவம்: தங்கி முடித்தவர். பணம் மழை தொடங்கும்போது அல்ல, முடிந்த பிறகு, தங்கி முடித்தவர்களுக்கான ‘கடின’ என்னும் துறவாடையைத் தைக்கும் நாள்களை ஒட்டிக் கொடுக்கப்பட்டது என்று கொள்ள இடமிருக்கிறது. கார்லேயில் அதே உஷவதாதன் கரஜிகா கிராமத்தை வளூரகக் குகைத் துறவிகளுக்கு எழுதிவைத்தபோது பயன்படுத்திய சொல் வேறு: ‘வாஸவாஸித’. முதல் எழுத்து நெடில். இதைக் ‘கார்காலம் தங்குபவர்’ என்றும் படிக்கலாம், வெறுமனே ‘குடியிருப்பவர்’ என்றும் படிக்கலாம். தத்தின் பக்கம் வாதாட விரும்புகிறவர்கள் கார்லேச் சொல்லைப் பிடித்துக்கொள்ளலாம். நாசிக்கின் சொல் அவர்களுக்கு அந்தச் சலுகையைத் தருவதில்லை.

சரி, ஏன் இருபது?

இங்கேதான் சான்று மெலிகிறது, அதனாலேயே வாதத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. எளிய விடை, குகையில் இருபது அறைகள் இருந்தன என்பது. இல்லை. கூடத்தின் இரு பக்கமும் ஐந்தைந்து, பின்சுவரில் ஆறு, மொத்தம் பதினாறு. தாழ்வாரத்தின் இரு கோடிகளிலும் உஷவதாதனின் மனைவி தக்கமித்தை கொடுத்த ஓரறை வீதம் இரண்டு. பதினெட்டுதான். வட்டிக் கணக்குக்கு வசதியான எண் என்று சொல்லலாம். ஆனால் பதினைந்து பேருக்குப் பதினாறு வீதம் கொடுத்தாலும் அதே 240 வருகிறது. மும்பையிலுள்ள கண்ஹேரிக் குகைக் கல்வெட்டுகளில் சீவரப் பணம் ஆளுக்குப் பதினாறுதான். கட்டடமும் காசும் இருபதைக் கேட்கவில்லை.

விநயம் கேட்கிறது. மகாவக்கத்தின் ஒன்பதாம் பகுதி சங்கத்தை எண்ணிக்கையால் தரம் பிரிக்கிறது: நால்வர், ஐவர், பதின்மர், இருபதின்மர், அதற்கு மேற்பட்டோர். நால்வர் கூடினால் சில வினைகளைச் செய்யலாம். ஐவர் இருந்தால் பவாரணை நடத்தலாம். பெரும் குற்றத்துக்குத் தண்டம் நோற்ற பிக்குவைச் சங்கத்தில் மீண்டும் சேர்க்கும் ‘அப்பான’ வினைக்கு மட்டும் இருபது பேர் வேண்டும். இருபதின்மர் சங்கம் எல்லா வினைக்கும் தகுதி பெற்ற நிறைசங்கம். கார்காலம் முடியும் பவாரணை நாளோ, கண்டதும் கேட்டதும் ஐயுற்றதும் ஆகிய குற்றங்களைச் சொல்லுமாறு ஒவ்வொரு பிக்குவும் மற்றவர்களை வேண்டிக்கொள்ளும் நாள். குற்றம் பேசப்படும் காலத்தில், குற்றம் தீர்ந்தவனைத் திரும்பச் சேர்க்கும் தகுதியுள்ள சபை அந்த மலையிலேயே இருக்க வேண்டும் என்று யாரோ உஷவதாதனுக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் துணிபு. இருபது என்பது தலைக்கணக்கு அல்ல, சபைக்கணக்கு. தற்செயலாகவும் இருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தற்செயல் என்று சொல்பவர்கள் பதினெட்டு அறைக்கும் இருபது பிக்குவுக்கும் இடையிலுள்ள இரண்டுக்கு வேறு விளக்கம் தர வேண்டும்.

எஞ்சிய 1000 காகாபணத்தின் வட்டி ‘குசண’த்துக்காம். தேவதத்த ராமகிருஷ்ண பண்டார்கர் இதைக் குஷாணரோடு முடிச்சிட்டு ஒரு வெள்ளிக் காசின் பெயர் என்றார். அது வலிந்த பொருள். மாதப் படி என்று கொள்வதே கண்ஹேரி வழக்கோடு ஒட்டுகிறது. ஆண்டு வட்டி 90. இருபதால் வகுத்தால் நாலரை. மாதம் ஒன்று என்றால் நாலரை மாதம் வருகிறது, நான்கு மாதக் கார்காலத்தைவிட அரை மாதம் கூடுதல். இந்த அரை மாதம் எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை.

காலமும் அடங்கவில்லை. 42ஐச் சக ஆண்டாகக் கொண்டால் கி.பி. 120ஐ ஒட்டி வரும். நகபானனின் ஆட்சியாண்டு என்று கொண்டால் முதல் நூற்றாண்டுக்குப் பின்னோக்கிப் போகும். அண்மைக்கால நாணய ஆய்வாளர்கள் இரண்டாவதன் பக்கம் சாய்கிறார்கள். போதாக்குறைக்கு, கல்வெட்டின் இறுதியில் 45ஆம் ஆண்டைச் சொல்லும் ஒரு பிற்சேர்க்கை இருக்கிறது. ஆகவே வெட்டிய ஆண்டு 42 அல்ல. அந்தப் பிற்சேர்க்கை கார்த்திகை முழுநிலவைக் குறிப்பிடுவதைக் கண்டு, பின்கார்காலம் முடியும் நாள் என்று துள்ளத் தோன்றும். துள்ளக் கூடாது: அந்தக் கொடை தேவர்களுக்கும் பிராமணர்களுக்கும்.

தமிழகத்துக்கு இந்த நாள்காட்டி எப்படிப் பொருந்தியது என்பது தனிக் கேள்வி. கங்கைச் சமவெளியின் மழையை வைத்து வகுத்த விதி நாசிக்குக்குச் சரி. காவிரிப்பூம்பட்டினத்திலோ, பிக்குகள் தங்கலை முடித்து எழும் ஐப்பசியில்தான் வடகிழக்குப் பருவமழை இறங்குகிறது. அங்கே பல்லவனேசுவரத்தில் அகழ்ந்தெடுத்த விகாரையில் நாசிக் போன்ற வட்டிக் கணக்கு ஒன்று கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

மகாராஷ்டிரத்தில் தங்கல் இன்றும் நடக்கிறது. அம்பேத்கரின் வழியில் பௌத்தம் தழுவியவர்கள், ஆஷாட முழுநிலவு முதல் மூன்று மாதம் தங்கள் பகுதி விகாரையில் கூடி, 1957இல் வெளிவந்த அவரது ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலைப் படிக்கிறார்கள். அதற்கு ‘வர்ஷாவாஸ்’ என்றே பெயர். நாசிக் மாவட்டத்தின் இகத்புரியில் விபசனா ஆசிரியர் கோயங்காவின் மரபினர் 1976இல் தொடங்கிய தம்மகிரியில் பத்து நாள் விபசனா முகாம் நடக்கிறது. அங்கே கட்டணம் இல்லை. ஒரு முகாமையாவது முடித்தவரிடம் மட்டுமே நன்கொடை வாங்குவார்கள். திரிரஷ்மி மலையில் முடித்தவர்களுக்குப் பணம் கொடுத்தார்கள்.

பாண்டவ்லேணிக்குப் போகிறவர்கள் பத்தாம் குகையின் அறைகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தாழ்வாரத்தின் இரு கோடிகளையும் விட்டுவிடாதீர்கள்.