மைசூரின் அணுக்கரு ஆய்வு மரபு

மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916 ஜூலை 27 அன்று தொடங்கியது. சமஸ்தானங்களில் எழுந்த முதல் பல்கலைக்கழகம் அதுவே. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவும் திவான் விஸ்வேஸ்வரய்யாவின் விடாமுயற்சியும் அதன் பின்னால் இருந்தன. தலைமையகம் மைசூர் நகரில் அமைந்தாலும் பாடங்கள் இரண்டு ஊர்களுக்கும் பிரிக்கப்பட்டன. கலைப் பாடங்கள் மைசூர் மகாராஜா கல்லூரிக்கும், அறிவியலின் உயர்படிப்பு பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்கும் போயின. அதனால் மைசூரின் அணுக்கரு இயற்பியல் வரலாற்றை நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி, பெங்களூரிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சென்ட்ரல் கல்லூரியில் 1935இல் நடந்த வேலை இன்று பலருக்கும் தெரியாது. இயற்பியல் பேராசிரியர் பி. வெங்கடேசாச்சாரும் எல். சிபய்யாவும் நிறமாலை ஆய்வில் தேர்ந்தவர்கள். ஐசோடோப்புகளைப் பிரித்தறிய அப்போது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறை நிறமாலைமானிகள் இருந்தன. பெங்களூரில் அந்த வசதி இல்லை. இவர்கள் வேறு வழியில் போனார்கள். ஒரு தனிமத்தை மின்வில்லில் எரித்து, அதன் ஒளியை மிக நுணுக்கமாகப் பிரித்தால், ஒற்றைக் கோடாகத் தெரிவது பல மெல்லிய கோடுகளாக விரியும். அணுக்கருவின் சுழற்சியும் அதன் நிறையுமே இதற்குக் காரணம். கோடுகளின் இடைவெளியும் பொலிவும் அந்தத் தனிமத்தில் எத்தனை ஐசோடோப்புகள் உண்டு, எது எவ்வளவு என்பதைக் காட்டிவிடும். பிளாட்டினத்தையும் இரிடியத்தையும் இப்படி ஆராய்ந்த இருவரும் முடிவுகளை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். இரிடியத்தில் 191, 193 என்ற இரண்டு ஐசோடோப்புகள் இருப்பதும், கனமானது மற்றதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருப்பதும் அதில் வெளியாயின. இன்றைய அளவீடு 62.7, 37.3 சதவீதம். ஐசோடோப்புகளை முதலில் கண்டவர்கள் யார் என்று தொகுத்திருக்கும் இன்றைய உலகப் பட்டியலிலும் இரிடியத்தின் அந்த இரண்டுக்கும் நேராக இவர்களுடைய பெயர்களே உள்ளன. அணுக்கருவைத் தொடுவதற்குப் பெரிய இயந்திரம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, சரியான கேள்வியும் கையில் உள்ள கருவி மேல் முழுப் பிடியும் போதும் என்பதை மைசூர்ப் பல்கலைக்கழகம் தன் இருபதாவது வயதை எட்டும் முன்பே காட்டியிருந்தது. இந்தச் சாதனைக்குரிய பெருமை கன்னட நாட்டுப் பாடநூல்களில்கூட இன்னும் முழுதாகச் சேரவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து ஹோமி பாபா பெங்களூருக்கு வந்து சேர்ந்தார். கேம்பிரிட்ஜிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தவரை 1939இல் மூண்ட போர் இங்கேயே நிறுத்திவிட்டது. மைசூர் சமஸ்தானம் கொடுத்த 371 ஏக்கரில் எழுந்த இந்திய அறிவியல் நிறுவனத்தில், சி. வி. ராமன் இருந்த அதே வளாகத்தில், காஸ்மிக் கதிர் ஆய்வுப் பிரிவைப் பாபா அமைத்தார். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் 1945 ஜூனில் அங்கேதான் முதலில் செயல்படத் தொடங்கியது. ஆண்டு முடிவதற்குள் பம்பாய்க்குப் போய்விட்டது. இந்திய அணுசக்தித் திட்டத்தின் தொட்டில் என்று பாபா வர்ணித்த நிறுவனம் மைசூர் மண்ணில் பிறந்து பம்பாயில் வளர்ந்தது. அதன் விளைவு பல தலைமுறைகளுக்கு நீடித்தது. அணுக்கரு இயற்பியலை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்பிய மைசூர் மாணவனுக்கு அதன் பின் ரயில் பம்பாய்க்குத்தான்.

அந்த ரயிலில் ஏறிய இருவரைப் பற்றி விரிவாகச் சொல்லலாம். 1925இல் தும்கூர்ப் பகுதியில் பிறந்த ராஜா ராமண்ணாவின் தொடக்கப் பள்ளிப் படிப்பு மைசூரில் நடந்தது. பிறகு பெங்களூர், அதன் பின் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. அவர் பாபாவை அறிந்ததற்குப் பாலமாக இருந்தது இயற்பியல் அல்ல, பியானோ. லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வாளர் ஆல்ஃபிரட் மிஸ்டோவ்ஸ்கி, இசையில் தோய்ந்த ஜயசாமராஜ உடையாரின் விருந்தினராக வந்திருந்தார். 1944இல் அவர் வழியாகத்தான் ராமண்ணாவுக்குப் பாபாவின் அறிமுகம் கிடைத்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்று 1949இல் டாடா நிறுவனத்தில் சேர்ந்த ராமண்ணா, பம்பாயின் டிராம்பேயில் யுரேனியப் பிளவின்போது வெளிப்படும் நியூட்ரான்களையும் இலேசான துகள்களையும் ஆராய்ந்தார். 1956இல் இயங்கத் தொடங்கிய அப்சரா அணு உலை அதற்குக் கைகொடுத்தது. மறு ஆண்டே டிராம்பேயில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அதை உருவாக்கியதில் ராமண்ணாவுக்குப் பெரும்பங்கு உண்டு. எம்.எஸ்சி. முடித்தவர்களையும் பொறியாளர்களையும் ஓராண்டு கற்பித்து, நேரே அறிவியல் அலுவலர்களாக எடுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு நாட்டின் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் கதவைத் திறந்தது. வெளிநாடு போக வசதியில்லாத மாணவனுக்கு உள்நாட்டிலேயே ஒரு வழி பிறந்தது.

மற்றவர் பி. வி. ஸ்ரீகண்டன். மைசூரை அடுத்த நஞ்சன்கூட்டில் 1925இல் பிறந்தவர். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. படித்து 1948இல் டாடா நிறுவனத்துக்குப் போனார். பாபா அவரைத் திரும்பவும் மைசூர் சமஸ்தானத்துக்கே, தரைக்கு அடியில் அனுப்பிவைத்தார். கோலார் தங்கவயல் சுரங்கத்தில் இறங்கி, பாறையைத் துளைத்து வரும் காஸ்மிக் கதிர் மியூவான்கள் ஆழம் கூடக் கூட எவ்வளவு குறைகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் அவர் அளந்தார். தமிழர்களுக்கு இந்தச் சுரங்கத்தோடு இருக்கும் உறவு தனியானது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன குடும்பங்கள்தான் தலைமுறை தலைமுறையாக அங்கே பாறை உடைத்தன.  1960களின் தொடக்கத்தில் மிக ஆழத்தில் வைத்த கருவிகளில் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. மேலிருந்து எதுவும் வராத அந்த அமைதியே அடுத்த கேள்வியை எழுப்பியது. இவ்வளவு தூய்மையான இடத்தில், எந்தப் பாறையையும் ஊடுருவி வரும் நியூட்ரினோவைப் பிடிக்கலாமே? சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 7,600 அடி ஆழத்தில், டாடா நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து கருவிகளை நிறுவின. காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி உண்டாக்கும் நியூட்ரினோக்களின் தடம் 1965இல் அங்கே பதிவானது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இதே தேடலில் இருந்த அமெரிக்கக் குழுவும் அதே காலத்தில் தன் முடிவை அறிவித்தது. ஸ்ரீகண்டன் பின்னாளில் டாடா நிறுவனத்தின் இயக்குநரானார். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அறிவியல் சாதனையைப் போற்றும் எழுத்துகள், கருவிகளைக் கீழே இறக்கவும் கூடம் குடையவும் உழைத்த தொழிலாளிகளை ஒரு வரியில் கடந்துவிடுவது நியாயமல்ல.

மைசூர் நகருக்கு முதுகலை இயற்பியல் வந்தது மிகத் தாமதமாகத்தான். துணைவேந்தராக இருந்த கவிஞர் குவெம்பு, குக்கரஹள்ளி ஏரிக்கு அருகே முதுகலை வளாகம் ஒன்றைத் திட்டமிட்டு அதற்கு மானசகங்கோத்ரி என்று பெயரிட்டார். 1960இல் அது செயல்படத் தொடங்கியது. 1961இல் இயற்பியல் துறையின் முதல் தலைவராக வந்தவர் ராமனின் சகோதரி மகன் எஸ். சந்திரசேகர். அவருடைய சகோதரர் பஞ்சரத்தினமும் 1961 முதல் 1964 வரை அங்கே பணியாற்றினார். சந்திரசேகர் திரவப் படிக ஆய்வைத் தொடங்கி, 1971இல் ராமன் ஆய்வு நிறுவனத்துக்குப் போகும்வரை துறையை உலகம் அறியச் செய்தார். அதற்கிடையே 1964இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகம் பிரிந்தபோது சென்ட்ரல் கல்லூரி அதனோடு போய்விட்டது. வெங்கடேசாச்சாரின் ஆய்வகம் இருந்த கல்லூரி மைசூரின் கையை விட்டுப் போனது. மானசகங்கோத்ரியில் அணுக்கரு ஆய்வைப் புதிதாகவே கட்ட வேண்டியிருந்தது.

அதைக் கட்டியவர்களில் முன்னே நின்றவர் பேராசிரியர் பி. சஞ்சீவய்யா. அவரும் எஸ். கோபாலும் காமா கதிர்கள் பொருள்களில் எவ்வளவு தணிகின்றன என்று அளந்த முடிவுகள் 1973இல் ‘பிசிக்கல் ரிவியூ’ இதழில் வந்தன. 1980களில் அரிய மண் தனிமங்களுக்கு இதே அளவீடு விரிந்தது. டிராம்பேயின் உலைக்கும் கோலாரின் ஆழத்துக்கும் பக்கத்தில் இது சின்ன வேலையாகத் தெரியலாம். ஆனால் கதிர்வீச்சுத் தடுப்புச் சுவரின் கனத்தைக் கணக்கிடுபவரும், புற்றுநோய் சிகிச்சையில் கதிரின் அளவை முடிவு செய்பவரும் நம்பியிருப்பது இந்த எண்களைத்தான். கோட்பாட்டிலிருந்து கணித்த அட்டவணைகள் அமெரிக்காவில் வெளிவந்துகொண்டிருந்த காலம் அது. அவை சரியா என்று அளந்து பார்த்துச் சொல்ல ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

இந்த வகை சோதனை ஒரு மேசையில் அடங்கிவிடும். ஒரு முனையில் ஈயக் கட்டிகளுக்குள் கதிரியக்க மூலம்: 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாவைத் தரும் சீசியம்-137, அல்லது 1173, 1332 என இரண்டைத் தரும் கோபால்ட்-60. ஈயத்தில் துளைத்த குறுகிய வழியே கதிர் வெளிவரும். நடுவில் மாதிரித் தகடு. மறுமுனையில் இன்னொரு ஈயத் துளைக்குப் பின்னால் சோடியம் அயோடைடு படிகம். காமா பட்டதும் படிகம் மினுக்கும். ஒளிப்பெருக்கிக் குழாய் அந்த மினுக்கைத் துடிப்பாக்கும்; அந்தத் துடிப்புகள் எண்ணப்படும். தகடு இல்லாமல் ஒரு எண்ணிக்கை, தகட்டோடு ஒரு எண்ணிக்கை. இரண்டின் விகிதத்திலிருந்து தணிவுக் கெழு கிடைத்துவிடும். சொல்ல எளிது. கதிரியக்கம் தற்செயலாக நிகழ்வது என்பதால் 10,000 எண்ணினால் துல்லியம் ஒரு சதவீதம். பத்தில் ஒரு சதவீதத்துக்கு 10 லட்சம் எண்ண வேண்டும். அதற்குள் மின்னழுத்தம் சற்றே ஏறி இறங்கினாலும் குழாயின் பெருக்கம் மாறி முடிவு கெட்டுவிடும். தகட்டில் இலேசாகச் சிதறி, வழி மாறாததுபோல் வந்து சேரும் காமாவும் கணக்கில் புகுந்துகொள்ளும். துளையைக் குறுக்கினால் அது குறையும், எண்ணிக்கையும் குறைந்து நேரம் கூடும். இந்த இழுபறியில் எங்கே நிறுத்துவது என்று கற்றுக்கொள்வதே ஒரு முனைவர் பட்ட மாணவரின் முதல் ஆண்டு. இப்படிப் பழகியவர் எந்தப் பெரிய ஆய்வகத்துக்குப் போனாலும் பிழையை மதிப்பிடத் தெரிந்தவராகவே போவார்.

ஊரே ஆய்வுப் பொருளானதும் உண்டு. மைசூர் கிரானைட் நாடு. சாமுண்டி மலையின் கருங்கல் ஏறக்குறைய 80 கோடி ஆண்டு பழையது. கிரானைட்டில் இயல்பாகவே யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 சிறிதளவு உண்டு. அவற்றிலிருந்து வரும் காமாவும் ரேடான் வாயுவும் வீடுகளிலும் தெருக்களிலும் எவ்வளவு என்று மானசகங்கோத்ரி ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் அளந்தார்கள். நகரின் பின்னணிக் கதிர்வீச்சு பற்றிய அவர்களுடைய கட்டுரை 2003இல் சர்வதேச இதழில் வெளியானது. நகருக்கு வெளியே ரத்னஹள்ளியில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அரிய பொருள் ஆலை இயங்குவதால், இத்தகைய சுதந்திரமான பல்கலைக்கழக அளவீடுகள் ஊர் மக்களுக்கும் தேவையானவை.

துகள் முடுக்கி மட்டும் மைசூருக்கு வரவில்லை. மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் கடலோர முதுகலை மையமாக இருந்து 1980இல் தனிப் பல்கலைக்கழகமான மங்களூர், 1995இல் இந்தூர் ஆய்வு மையத்தின் உதவியோடு ஒரு மைக்ரோட்ரான் முடுக்கியை நிறுவிக்கொண்டது. மற்றபடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் போவது புது தில்லிக்கு. பல்கலைக்கழக மானியக் குழு 1984இல் அங்கே அமைத்த முடுக்கி மையத்தில், ஆய்வுத் திட்டத்தை எழுதி அனுப்பி, குழு ஏற்றால் கதிர்க்கற்றை நேரம் பெறலாம். கருவி இல்லாத பல்கலைக்கழகங்களுக்காகவே உருவான இந்த ஏற்பாடு, டிராம்பே பயிற்சிப் பள்ளிக்கு அடுத்தபடியாக இத்துறையைப் பரவலாக்கியது.

இன்று எம்.எஸ்சி. முடிக்கும் மைசூர் மாணவருக்கு முன்னால் உள்ள பாதைகள் இந்த வரலாற்றின் கிளைகளே. டிராம்பேயும் கல்பாக்கமும் பயிற்சிப் பள்ளி வழியே வேலை தருகின்றன. ஹோமி பாபா தேசிய நிறுவனத்தின் மூலம் 2005க்குப் பின் பட்டமும் உண்டு. நெட் தேர்வில் உதவித்தொகை பெற்றவர் ஒரு நெறியாளரைத் தேடிக்கொண்டு முனைவர் பட்டத்தில் சேரலாம். மருத்துவமனைகளுக்குக் கதிர்வீச்சு இயற்பியலாளர்கள் வேண்டியிருக்கிறது. அதற்குத் தனிப் பட்டயப் படிப்பு உண்டு. கர்நாடகக் கல்லூரிகளில் ஆசிரியராக வேண்டுபவருக்கு கே-செட் தேர்வு. அதை நெடுங்காலம் நடத்தி வந்தது மைசூர்ப் பல்கலைக்கழகம்தான்.

இவற்றில் மிகவும் நலிந்திருப்பது கடைசிப் பாதை. மாநிலப் பல்கலைக்கழகங்களில் நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் நெடுநாள் காலியாகக் கிடக்கின்றன. கௌரவ விரிவுரையாளர்கள் குறைந்த ஊதியத்தில் வகுப்புகளை நடத்துகிறார்கள். ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் ஒருவர் ஐந்தாண்டு ஆய்வுக்கு மாணவரைச் சேர்த்துக்கொள்ள முடியாது. மேசையளவு கருவியில் உலகத் தரமான எண்ணை எடுக்கும் கலை நெறியாளர் பக்கத்தில் நின்றுதான் மாணவருக்கு வருகிறது. மானசகங்கோத்ரிக்கு முதலில் வேண்டியது புதிய இயந்திரம் அல்ல. காலியான அந்த இருக்கைகளில் நிரந்தரமாக ஆட்களை அமர்த்துவதுதான்.