பெயர் கேட்காத அறை

ஒரு காலத்தில் கொழும்பில் அபின் வாங்குவதெண்டால் அரசாங்கத்திடம்தான் போகவேண்டும். வாங்குபவரின் பெயர் முதலில் ஒரு இடாப்பில் ஏறியிருக்க வேண்டும். இடாப்பில் பெயர் உள்ளவருக்குக் கொடுப்பார்கள். பெயர் இல்லாதவர் கையில் அதே அபின் இருந்தால் அது குற்றம். கதை இல்லை, சட்டம்: 1910ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க அபின் கட்டளைச் சட்டம்.

இதை ஏன் இப்ப தோண்டுகிறேன் எண்டால், போதைப்பொருள் பாவிப்பவர்களுக்குத் தாதி ஒருவரின் கண் முன்னால், சுத்தமான ஊசியோடு ஒரு அறை திறந்து கொடுக்கும் திட்டத்தைப் பற்றி வாசிக்கும்போது, அது ஏதோ நேற்று ஐரோப்பாவில் முளைத்த யோசனை மாதிரித்தான் எழுதுகிறார்கள். அறை புதிது, 1986இல் சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரத்தில் திறந்ததுதான் முதலாவது. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கிற நிபுணர் மனசு பழசு. "இது பாவமா" எண்டு அது கேட்காது. எத்தனை பேர், எவ்வளவு, எத்தனை வருசத்தில் குறையும் எண்டுதான் கேட்கும். அந்த மனசு எங்கட ஊருக்கும் வந்து போயிருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் உரிமம் பெற்ற அபின் கடைகள் இருந்தன. உரிமக் காசும் இறக்குமதித் தீர்வையும் அரசாங்கத்துக்கு. மிஷனரிமாரும் மதுவிலக்குக்காரரும் எதிர்த்தார்கள், அரசாங்கம் வருமானத்தைப் பார்த்தது. இந்த இழுபறிக்கு நடுவில் மூன்றாவது வழி ஒன்று ஆசியா முழுக்கப் பேசப்பட்டது. அதன் மாதிரி வடிவம் தாய்வானில் இருந்தது.

தாய்வானை ஜப்பான் பிடித்தது 1895இல். அங்கே சிவில் நிர்வாகத்துக்குத் தலைமை தாங்கிய கோத்தோ ஷின்பேய் அரசியல்வாதியாக வளர்ந்தவர் அல்ல, ஜெர்மனியில் படித்த வைத்தியர். அவர் ஆதரித்த ஏற்பாடு இதுதான்: ஒரேயடியாகத் தடுக்காதே. அபினை அரசே விற்கட்டும், பழக்கப்பட்டவரைப் பதிவு செய்து அனுமதி கொடு, புதுப் பெயர் சேர்க்காதே, பதிந்தவர்கள் வயது போய்ச் சாகச் சாகப் பழக்கமும் செத்துவிடும். 1900இல் பதிந்தவர்கள் சுமார் 169,000 பேர். பிலிப்பைன்ஸில் அமெரிக்கர் அமைத்த அபின் குழு ஆசிய நாடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்த வகை ஏற்பாட்டைத்தான் 1905இல் மெச்சியது. அமெரிக்கக் காங்கிரஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று வருட அவகாசம் மட்டும் கொடுத்து 1908இலிருந்து முழுத்தடை எண்டது.

இலங்கையின் 1910ஆம் ஆண்டுச் சட்டமும் தாய்வானின் இந்தக் கணக்கோடு ஒத்த கணக்குத்தான். தனியார் கடைகள் மூடப்பட்டன. விநியோகம் அரசின் கைக்கு வந்தது. பழக்கப்பட்டவர்களுக்கு ஒரு இடாப்பு, மருந்துக்கு அபின் சேர்க்கும் நாட்டு வைத்தியருக்கு இன்னொன்று.

நியாயமாகச் சொன்னால், இது அன்றைக்கு ஒரு முன்னேற்றம்தான். அபின்காரனைச் சவுக்கால் அடிக்கவும் இல்லை, அவனை வைத்து ஏலம் போடவும் இல்லை. திடீரெண்டு நிறுத்தினால் உடம்பு படும் பாடு தெரிந்தவர்கள் எழுதிய சட்டம் மாதிரி இருக்கிறது. இண்டைக்கு எங்கட பாராளுமன்றத்தில் இப்படி ஒரு பிரேரணை கொண்டுவந்தால் கொண்டுவந்தவரின் கதி என்னவாகும் எண்டு யோசித்துப் பாருங்கள்.

ஆனால் தாய்வான் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. "புதுப் பெயர் சேர்க்கமாட்டோம்" என்ற இடாப்பு மறுபடி மறுபடி திறந்தது. அபின் வருமானம் காலனி அரசுக்குப் பெரிய வருமானம், விட மனசு வரவில்லை. 1929இல் திரும்பவும் திறக்கப் போனபோது தாய்வான் மக்கள் கட்சி சர்வதேச சங்கத்துக்கே தந்தி அடித்தது. அதற்குப் பிறகுதான், 1930இல், சிகிச்சைக்கென்று ஒரு வைத்தியசாலை தொடங்கியது. அதுவரை முப்பது வருசமாக அந்த இடாப்பில் இருந்தவர்கள் வெறும் இலக்கங்கள். அவர்களுக்கு என்ன வேணும் எண்டு கேட்கவும் எழுதவும் இடாப்பில் ஒரு நிரல் இருக்கவில்லை.

இப்ப வன்கூவருக்கு வருவோம். அங்கே 2003இல் திறந்த 'இன்சைட்', வட அமெரிக்காவின் முதலாவது சட்டபூர்வ அறை. இதைப் பற்றி எழுதுபவர்கள் ஆய்வுகளை அடுக்குவார்கள்: அறைக்குள் அளவு மிஞ்சிப் பாவித்தவர் பலர், செத்தவர் ஒருவரும் இல்லை. சரி. ஆனால் அந்த அறை ஆய்வறிக்கையில் இருந்து பிறக்கவில்லை. 1997இல் ஒப்பன்ஹைமர் பூங்காவில், செத்தவர்களை நினைத்து ஆயிரம் சிலுவைகள் நட்டார்கள். அடுத்த வருசம் பாவிப்பவர்களே சேர்ந்து தங்களுக்கு ஒரு சங்கம் அமைத்தார்கள். நிபுணர்கள் எண்ணிக்கையோடு வந்தது அதற்குப் பிறகு. அந்த எண்ணிக்கை உதவியது, இல்லையெண்டு சொல்லமாட்டேன்: அறையை மூட முனைந்த மத்திய அரசுக்கு எதிராக 2011இல் கனடா உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது அந்தச் சான்றுகளை வைத்துத்தான்.

எனக்கு அந்த அறையில் முக்கியமாகப் படுவது வேறொன்று. வாசலில் உண்மைப் பெயர் கேட்கமாட்டார்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு புனைபெயரைச் சொல்லலாம். தாய்வான் இடாப்புக்கும் எங்கட 1910 இடாப்புக்கும் நேரெதிர்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வளர்ந்தவர்களுக்கு இதன் அருமையை விளக்கத் தேவையில்லை. பதிவு எண்டால் எங்களுக்கு என்ன எண்டு எங்கட வீட்டுப் பெரியாக்களிடம் கேளுங்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியப்புறம் லொட்ஜுகளில் இருந்த தமிழரை, நூற்றுக்கணக்கில், பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் நின்றது. ஆர் எந்த அறையில் இருக்கிறார் எண்டு பொலிஸுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"புனர்வாழ்வு" என்ற சொல்லும் அப்படித்தான். 2009க்குப் பிறகு முன்னாள் போராளிகளை அடைத்து வைத்த ஏற்பாட்டுக்கு அதுதான் பெயர். வெலிக்கந்தைப் பக்கம் இருக்கும் கந்தக்காடு முகாம் அதற்கும் பயன்பட்டது. இப்போது அங்கே போதைக்கு அடிமையானவர்கள், காவலுக்கு ஆமி. 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் வேலியைத் தாண்டி ஓடினார்கள், படையினர் சிலர் கைதானார்கள். அதே வருசம் புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் எண்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. திருத்தி, 2023 ஜனவரியில் நிறைவேற்றினார்கள். அந்த டிசம்பர் 17ஆம் திகதி 'யுக்திய' தொடங்கியது. ஒரு மாதத்துக்குள் 20,000க்கு மேல் கைது. கொழும்பில் முதலில் தட்டிய கதவுகள் தோட்டங்களின் கதவுகள், கொழும்பு 7இன் கதவுகள் இல்லை.

கிருலப்பனையில் கால்வாயோரம் இருக்கும் எவருக்கும் 'குடு' எண்டால் என்ன எண்டு தெரியும். இங்கே ஊசி குறைவு. ஈயத்தாளில் சூடாக்கிப் புகையை இழுப்பதுதான் வழக்கம். அதனால் இந்த அறைகள் எங்களுக்குப் பொருந்தாது எண்டு சிலர் சொல்கிறார்கள். சுவிஸ் அறைகளில் புகைப்பவர்களுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அறையை எப்படிக் கட்டுவது என்பது சிக்கலே இல்லை.

சிக்கல் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1910ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகரமான மருந்துகள் கட்டளைச் சட்டம். ஆயுர்வேத வைத்தியருக்கு மருந்துக்காக அபின் கிடைக்கும் வழி இன்றும் உண்டு. அதே சட்டத்தில்தான் 1984இல் திருத்தம் செய்து, 2 கிராம் ஹெரோயின் வைத்திருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் எண்டு எழுதினார்கள். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின்படி, விருப்பம் இல்லாவிட்டாலும் ஒருவரைச் சிகிச்சைக்கு அனுப்ப நீதவானால் முடியும், அவரை நீதவான் முன் கொண்டுபோக பொலிஸால் முடியும். நாளைக்கே சுகாதார அமைச்சு நல்ல மனசோடு, நல்ல ஆய்வுகளோடு, பேஸ்லைன் வீதியில் ஒரு அறை திறக்குது எண்டு வையுங்கள். இந்தச் சட்டங்கள் இப்படியே இருந்தால், முதல் நாள் காலையிலேயே வாசலில் ஒரு ஜீப் நிற்கும்.