பூட்டிய பள்ளியும் திறந்த பள்ளியும்

பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதைப் பெற்றோரே முடிவு செய்ய வேண்டும். கல்விக்கென அரசு செலவிடும் பணம் அப்பிள்ளையைத் தொடர்ந்து அப்பள்ளிக்குச் செல்ல வேண்டும். கேட்பதற்கு நியாயமான கோரிக்கைதான். ஆயினும், இது பெரும் இயக்கமாக வளர்ந்த அமெரிக்க நாட்டின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர், ஒரே கருவி இரு வேறு கைகளில் நேர்மாறான இரு வேலைகளைச் செய்ததைக் காண்பர்.

இக்கருத்துக்கு இக்கால வடிவம் தந்தவர் பொருளியல் அறிஞர் மில்டன் ஃபிரீட்மன். கல்விக்கு அரசு பணம் தருவது வேறு, அரசே பள்ளி நடத்துவது வேறு என்று 1955இல் வெளிவந்த கட்டுரையொன்றில் அவர் பிரித்துக் காட்டினார். பெற்றோரிடம் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டால், விரும்பிய பள்ளியில் அதைக் கட்டணமாகச் செலுத்திக்கொள்வார்கள் என்பது அவர் வாதம். 'வவுச்சர்' என்று இன்று வழங்குவது இதுவே.

அதற்கு முந்திய ஆண்டுதான், நிறம் பார்த்துப் பள்ளிகளைப் பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அத்தீர்ப்பில் அடங்கிய வழக்குகளுள் ஒன்று வர்ஜீனியா மாநிலத்துப் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்தில் எழுந்தது. அங்கே கறுப்பின மாணவர்கள் தார்க்காகிதம் போர்த்திய கொட்டகைகளில் படித்தனர். 1951இல் பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயது மாணவி வகுப்புகளைப் புறக்கணிக்கச் செய்து போராட்டத்தைத் தொடங்கி வைத்தாள்.

தீர்ப்பு வந்தது, பள்ளி போயிற்று. இரு நிறத்தாரையும் ஒன்றாக அமர்த்தியே தீர வேண்டும் என்ற நிலை 1959இல் ஏற்பட்டபோது, மாவட்ட ஆட்சிக்குழு பணம் ஒதுக்க மறுத்து அரசுப் பள்ளிகள் அனைத்தையும் மூடிவிட்டது. வெள்ளையருக்கென ஒரு தனியார் பள்ளி உடனே எழுந்தது. அடுத்த ஆண்டு அதன் கட்டணத்துக்குப் பொதுப்பணத்திலிருந்து உதவித் தொகை கிடைத்தது. நன்கொடையாளருக்கு வரிச்சலுகையும் கிடைத்தது. பெற்றோரின் விருப்ப உரிமை என்ற அழகிய சொல் அங்கே பூட்டுக்கு உறையாயிற்று. கறுப்பினப் பிள்ளைகள் சுமார் 1,700 பேர் தெருவில் நின்றனர். சிலர் வெளியூர் உறவினர் வீடுகளுக்கு அனுப்பப்பட்டனர். சிலர் தேவாலயங்களின் கீழறைகளில் ஏதோ கற்றனர். பலர் எதுவுமே கற்கவில்லை. 1963இல் நன்கொடையால் ஓர் இலவசப் பள்ளி அமைப்பு தொடங்கப்பட்டபோது, ஆறு வயதில் எழுத்தறியச் சென்றிருக்க வேண்டிய குழந்தைக்கு வயது பத்து. 1964 மே 25இல் உச்ச நீதிமன்றம் இச்செயலைச் சட்டவிரோதம் என்றது.

இனி மறுபக்கம். விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகரில் நிறப்பிரிவினையை ஒழிக்கும் திட்டத்தின் சுமை பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள் மீதே விழுந்தது. தொலைதூரப் பள்ளிகளுக்கு அவர்களே பேருந்தில் ஏற்றி அனுப்பப்பட்டனர். இதைப் பொறாதவர் சட்டமன்ற உறுப்பினர் பாலி வில்லியம்ஸ். கறுப்பினப் பெண்மணி; நான்கு பிள்ளைகளின் தாய்; ஒரு காலத்தில் அரசின் வறுமை உதவியில் வாழ்ந்தவர். எதிர்க்கட்சி ஆளுநரான டாமி தாம்சனுடன் கைகோத்து, 1990இல் ஏழைக் குடும்பங்களுக்கான வவுச்சர் சட்டத்தை நிறைவேற்றினார். ஆசிரியர் சங்கமும் கறுப்பின மக்களின் முன்னேற்றச் சங்கமும் அதை எதிர்த்து வழக்காடின. பிரின்ஸ் எட்வர்டை நினைவில் வைத்திருப்போர்க்கு அது வியப்பளிக்காது.

முதலாண்டில் ஏழு பள்ளிகள், ஏறத்தாழ 340 பிள்ளைகள். தலைக்குச் சுமார் 2,500 டாலர். சட்டத்தில் ஒரு விதி இருந்தது. இடத்தைவிட விண்ணப்பம் மிகுந்தால், பள்ளி தனக்குப் பிடித்த பிள்ளையைப் பொறுக்கியெடுக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கியே சேர்க்க வேண்டும். தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கா, பள்ளிக்கா என்ற வினாவுக்கு இந்தச் சிறு விதியே விடை. பெரும் பேச்சுகளையெல்லாம் விட இதையே நான் மதிக்கிறேன்.

பலன் என்ன? அரசின் சார்பில் ஆராய்ந்த பேராசிரியர் ஜான் விட், பெற்றோரின் மனநிறைவு கூடியதைக் கண்டார்; மதிப்பெண்ணில் நிலையான ஏற்றத்தைக் காணவில்லை. வேறு அறிஞர் அதை மறுத்தனர். முதலாண்டிலேயே ஒரு பள்ளி பாதியில் மூடப்பட்டதும் உண்மை. 1998இல் மாநில உச்ச நீதிமன்றம் சமயப் பள்ளிகளையும் அனுமதித்தது. கிறித்தவப் பள்ளிகளே பெரும்பயன் பெற்றன; அந்நகர முஸ்லிம்களின் சலாம் பள்ளியும் பின்னர் இத்திட்டத்தில் சேர்ந்தது. 2011இல் வருமான வரம்பு உயர்த்தப்பட்டபோது, முதலில் எதிர்த்தவர்களுள் ஒருவர் பாலி வில்லியம்ஸ்தான். ஏழைக்கென வெட்டிய கிணற்றில் வசதியுள்ளோர் குடம் இறக்குவதை அவர் ஏற்கவில்லை.

இதற்கிடையில் கணினி வந்தது. 1997இல் ஃபுளோரிடா மாநிலம் இணையவழிப் பள்ளியொன்றை நிறுவியது. சிற்றூர் மாணவனுக்கும் தன் ஊரில் ஆசிரியர் இல்லாத பாடம் கிடைத்தது. இது பெரும் நன்மை. ஆனால் சுவரில்லாப் பள்ளியில் வருகைப் பதிவேடு எது? ஒஹையோ மாநிலத்தில் 2000இல் தொடங்கிய இணையப் பள்ளியொன்று, அரசுப் பணத்தில் பதினையாயிரம் மாணவர் வரை வளர்ந்தது. அவர்கள் உண்மையில் எத்தனை மணிநேரம் படித்தார்கள் என்று அரசு கணக்குக் கேட்டபோது, பாதிக்கும் மேற்பட்டோர்க்குச் சான்று காட்ட இயலவில்லை. கோடிக்கணக்கான டாலர்களைத் திருப்பிச் செலுத்த ஆணை பிறந்தது. 2018 ஜனவரியில், கல்வியாண்டின் நடுவில், பள்ளி மூடப்பட்டது. சுமார் 12,000 பிள்ளைகள் வேறு பள்ளி தேட வேண்டியதாயிற்று. அவர்களுள் பலர், தாங்கள் வேண்டாமென்று விட்டுவந்த ஊர்ப் பொதுப் பள்ளிகளின் வாசலிலேயே மீண்டும் போய் நின்றனர்.