8 வாரம் ஆகாத நாய்க்குட்டியை வாங்கலாமா? கூடாது... ஏன் தெரியுமா?

‘சின்னதா இருக்கும்போதே எடுத்துட்டுப் போனாதான் உங்ககிட்ட நல்லா ஒட்டும்’ என்று சொல்லி ஒரு மாதக் குட்டியையே கையில் கொடுத்துவிடுபவர்கள் உண்டு. ஆனால், 2017-ம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி 8 வாரம் நிறையாத குட்டியை விற்கவே கூடாது.

அந்த 8 வாரத்தில் என்ன நடக்கிறது?

குட்டி கண் திறக்கவே சுமார் 2 வாரம் ஆகும். 3-வது வாரம் முதல் 12-14 வாரம் வரைதான் பழகும் பருவம். விளையாட்டில் ஓங்கிக் கடித்தால் கூடப்பிறந்த குட்டி கத்திவிட்டு விலகிப் போய்விடும். மெதுவாகக் கடிக்க அங்கேதான் பழகுகிறது. சீக்கிரமே பிரிச்சுட்டா, அந்தப் பாடம் உங்க கையிலதான் நடக்கும்!

வளர்ப்பவர் என்ன செய்யணும்?

* தினமும் சில நிமிடம் கையில் தூக்கி, காது, பாதங்களைத் தொட்டுப் பழக்கணும்.
* பெரியவர்கள், குழந்தைகள், ஹெல்மெட் போட்டவர் எனப் பலரையும் பார்க்க விடணும்.
* மிக்ஸி, குக்கர் விசில் சத்தத்தைத் தூரத்தில் இருந்தே கேட்க வைக்கணும். பயந்தால் கட்டாயப்படுத்தக் கூடாது.

வாங்குபவர் என்ன பார்க்கணும்?

தாய் நாயை நேரில் பாருங்க. தடுப்பூசி அட்டையைக் கேளுங்க. ஆளைக் கண்டதும் ஓடி ஒளியும் குட்டி, கூண்டுக்குள்ளேயே வளர்ந்ததாக இருக்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகும் பழக்குவதை நிறுத்தாதீங்க. தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்கிவிடாமல், தூக்கிக்கொண்டு வெளியே காட்டுங்க.